யாருடைய எச்சில்?

வக்கீல் சங்கரலிங்கம் மாதக்கணக்கில் கஞ்சியும் குழாயுமாகக் கிடந்துவிட்டு, முதன்முதலாக ரசஞ்சோற்றை மென்று முழுங்கிய அன்றைக்கு, அவர் மனைவி வடிவு ஆனந்தத்தில் அழுதிருக்க வேண்டும். இல்லையென்றால் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயாவது உடைத்திருக்க வேண்டும். இரண்டையும் செய்யாமல் அவள் அவருடைய தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். தட்டின் ஓரத்தில் நாலு பருக்கையும் அரை அப்பளமும் மிச்சம் இருந்தன. பருக்கைகள் ஈரமாயிருந்தன. அந்த ஈரம் யாருடையது என்ற கேள்வி அவள் தலைக்குள் புகுந்தது அப்போதுதான். புகுந்தது வெளியே போகிற வழியாகத் தெரியவில்லை.

இதை விளங்கிக்கொள்ள அந்த வீட்டு வழக்கம் ஒன்று தெரிய வேண்டும். திருநெல்வேலியில் அவர்கள் குடும்பங்களில், கல்யாணத்தன்று மாப்பிள்ளை சாப்பிட்ட இலையில் பெண்ணை உட்காரவைத்துப் பரிமாறுவார்கள். மற்றவர்கள் போட்டோ எடுத்ததும் அதை மறந்துவிடுவார்கள். வடிவு மறக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் மத்தியானம் அவர் சாப்பிட்டு முடித்ததும் தட்டை அவள் பக்கம் தள்ளுவார். அவள் அதிலேயே தனக்குப் போட்டுக்கொள்வாள். புருஷனுக்கு அடங்கினவள் என்று யாரும் தப்புக் கணக்குப் போட வேண்டாம். அந்த வீட்டில் அடங்கி நடப்பவர் வக்கீல்தான். அவளுக்குப் பிடித்த பொரியலில் கொஞ்சத்தைத் தொடாமல் ஓரம் ஒதுக்கி வைத்திருப்பார். அவர்களுக்குள் கொஞ்சல் என்று ஒன்று இருந்ததென்றால் அது அந்தத் தட்டில்தான் இருந்தது.

மற்றபடி எச்சில் விஷயத்தில் வடிவைப்போல் கறாரானவள் அந்த ரத வீதியிலேயே கிடையாது. டம்ளரில் உதடு பட்டால் அது எச்சில். சோறு தொட்ட கையால் குழம்புக் கரண்டியைத் தொட்டால் கரண்டியும் எச்சில். மகள் பெங்களூரிலிருந்து பாத்திரம் கழுவும் மெஷின் ஒன்றை அனுப்பியிருந்தாள். எல்லார் எச்சிலும் ஒரே தண்ணீரில் சேர்ந்து சுற்றுகிறது என்று கண்ணாடி வழியாகப் பார்த்த வடிவு, அன்றோடு அதன் மேல் ஊறுகாய் ஜாடிகளை அடுக்கிவிட்டாள். பாத்திரம் தேய்க்க வழக்கம்போல மாடத்தியே வந்தாள். மாடத்திக்குக் காப்பி குடிக்கத் தனி டம்ளர் உண்டு. அது பின்கட்டுச் சுவரின் மாடத்தில் இருக்கும். வடிவு மேலேயிருந்து ஊற்றுவாள். தெருவில் ஓட்டுநர் இல்லாத வண்டிகள் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. மாடத்தியின் டம்ளர் மட்டும் இன்னும் பின்கட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை.

வக்கீலுக்கு வந்தது வாய்ப் புற்றுநோய். கோர்ட்டுக்குப் போகும் வண்டியிலும் கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு. கதிர்வீச்சு வைத்துப் புற்றைக் கரைத்துவிட்டார்கள். கூடவே எச்சில் ஊறும் சுரப்பிகளும் கருகிப்போயின. அதன் பிறகு அவர் வாய் வைக்கோல்போல் ஆனது. பேசினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சோற்றை வாயில் போட்டால் போட்டபடியே கிடந்தது. தண்ணீர் ஊற்றி முழுங்கினால் புரையேறியது. எச்சில் என்று அவள் ஆயுள் முழுவதும் ஒதுக்கிவைத்த ஒன்று இல்லாவிட்டால் மனுஷன் ஒரு பருக்கை தின்ன முடியாது என்பதை வடிவு அப்போதுதான் கண்ணால் கண்டாள்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர் ஜெபராணி புதுச் சுரப்பி வளர்த்து வைக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனார்கள். கீழுதட்டின் உட்புறத்தை நாக்கால் தடவினால் சின்னச் சின்ன உருண்டைகளாக நெருடுமே, அவையெல்லாம் குட்டி எச்சில் சுரப்பிகள். அதில் கடுகளவு கிள்ளி எடுத்து, பாத்திரத்தில் பயிராக்கி, தாடைக்கு அடியில் விதைத்துவிடுவார்கள். வக்கீலின் சொந்தச் சுரப்பியில் கதிர் மிச்சம் வைத்தது எதுவுமில்லை. எனவே வேறு யாராவது கொடுக்க வேண்டும். ரத்த சம்பந்தம் தேவையில்லை என்றார் டாக்டர். அந்நிய செல் என்று உடம்பு கண்டுபிடித்துத் துரத்தாதபடி அதன் அடையாளத்தை மறைக்கும் வித்தை வந்துவிட்டதாம். யாருடையது நன்றாக முளைக்கும் என்பது மட்டும் பாத்திரத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே கூட வந்தவர்கள், பார்க்க வந்தவர்கள், மனசுள்ளவர்கள் யாரும் கொடுக்கலாம். யாருடையது முளைத்தது என்று மட்டும் சொல்லமாட்டார்கள். ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்து, குடும்பங்களில் அடிதடி ஆகிவிட்டதாம்.

வடிவு உதட்டை நீட்டிக் கொடுத்தாள். வக்கீலின் தம்பி குமரேசனும் கொடுத்தார். கொடுத்துவிட்டு, அண்ணனுக்காக உடம்பை அறுத்துக் கொடுத்தவன் என்ற தோரணையில் ஒரு வாரம் ஊரெல்லாம் உதட்டைப் பிதுக்கிக் காட்டினார். வேறு யாரெல்லாம் கொடுத்தார்கள் என்று வடிவுக்குத் தெரியாது. அப்போது அது முக்கியமாகவும் படவில்லை.

இப்போது பட்டது. வக்கீல் தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டுச் சிரித்தபடி காத்திருந்தார். மெலிந்த முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்து அவளுக்கு நெஞ்சு இளகியது. ஆனால் கை நீளவில்லை. இந்த ஈரம் குமரேசனுடையதாக இருந்தால் கொழுந்தன் எச்சிலை அல்லவா தின்றதாகும்? முன்பின் தெரியாத எவனோ ஒருவனுடையது என்றால் அது இன்னும் கேவலம். வாய் புருஷனுடையது, அதில் ஊறுவது இன்னொருத்தனுடையது என்றால், தட்டில் இருப்பது யார் எச்சில்? அவள் அலமாரியைத் திறந்து வேறு தட்டு எடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. வக்கீலின் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்று, பிறகு போய்விட்டது. ஊரார் வழக்குக்கெல்லாம் வாதாடியவர் ஒரு வார்த்தை பேசாமல் கை கழுவ எழுந்தார்.

அதன் பிறகு வடிவுக்குத் தூக்கம் கெட்டது. தென்காசியிலிருக்கும் அக்காவுக்குப் போன் போட்டுச் சுற்றிவளைத்துக் கேட்டாள். தாலி கட்டினவன் வாயிலிருந்து வந்தால் அது அவன் எச்சில்தான் என்று அக்கா அடித்துச் சொன்னாள். குமரேசன் விவரத்தை எடுத்து விட்டதும் அதே அக்கா, எதற்கும் நீ தனித் தட்டிலேயே சாப்பிடு என்றாள். வீட்டுச் சுவரில் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் குரல் ஒன்று இருந்தது. அதனிடமும் கேட்டுப் பார்த்தாள். எச்சிலில் பெரும்பங்கு தண்ணீர்தான், மீதி உப்பும் கொஞ்சம் புரதமும் என்று அது விளக்கியது. வடிவு அதன் வாயை அடைத்தாள்.

பைத்தியம் பிடிக்காத குறை. குழாயில் வரும் தாமிரபரணி யாருடைய ஆறு என்று கேட்போமா என்று ஒருநாள் மனசு சமாதானமாகும். மறுநாள் குமரேசன் வந்து கூடத்தில் உட்கார்ந்து காப்பியை உறிஞ்சும் சத்தம் கேட்டதும் அந்தச் சமாதானம் பறந்துவிடும். வக்கீலிடம் சொல்லிவிடலாமா என்றும் யோசித்தாள். எப்படிச் சொல்வது? உங்கள் வாயில் உங்கள் தம்பி இருக்கிறாரோ என்று சந்தேகப்படுகிறேன் என்று ஒரு பெண்டாட்டி புருஷனிடம் சொல்ல முடியுமா?

அவள் இப்படிக் குழம்பிக்கொண்டிருந்தபோது வக்கீல் தம் பங்குக்கு ஒரு முடிவுக்கு வந்திருந்தார். தட்டைத் தள்ளுவதை நிறுத்தினார். சாப்பிட்டதும் தாமே பின்கட்டுக் குழாயடிக்கு எடுத்துப்போய்க் கழுவி வைத்தார். சோறு குறைந்தது. பிறகு சோறு குழைந்தது. பிறகு, மிக்சியில் அடித்துக் கொடுத்துவிடு, மெல்லுவதற்கு அலுப்பாயிருக்கிறது என்றார். மறுபடியும் கஞ்சிக்கு வந்து நின்றது. அடுத்த பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் ஜெபராணி தாடையைத் தடவிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். வக்கீலைப் படம் எடுக்க அனுப்பிவிட்டு வடிவை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார்.

சுரப்பி சுருங்குகிறது என்றார் டாக்டர். மென்று தின்றால்தான் அது வளரும். கஞ்சி குடிக்கிற வாய்க்கு எச்சில் எதற்கு என்று அதுவே கடையைக் கட்டிவிடும். இப்படியே விட்டால் மறுபடியும் வைக்கோல் வாய்தான். இன்னொரு தடவை விதைக்கலாம் என்றாலும், கதிர் பட்ட இடம் தாங்காது.

“எதுக்காகச் சாப்பிட மாட்டேங்காரு? கசக்குதா? வலிக்குதா?” என்று டாக்டர் கேட்டார்.

வடிவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தட்டு விஷயத்தை முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். சொல்லச் சொல்ல அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவளுக்கே வெட்கமாயிருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. இதைவிட அதிசயமான சங்கதிகளையெல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவர் அவர்.

“பேரு வேண்டாம் டாக்டரம்மா. ஆம்பளையா பொம்பளையா, அதை மட்டும் சொல்லுங்க. எங்க கொழுந்தன் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்.”

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். போன மாதம் வக்கீலின் சுரப்பியிலிருந்து ஊசியால் எடுத்த துணுக்கைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். அதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பொருத்தி, சுவர்த் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். கருப்புப் பின்னணியில் பச்சையும் சிவப்புமாக உருண்டைகள் மின்னின. வடிவுக்கு அது தெப்பத் திருவிழாச் சீரியல் பல்புகள் மாதிரி இருந்தது.

“திராட்சைக் கொத்து மாதிரி தெரியுதா? ஒவ்வொரு பழமும் ஏழெட்டு செல் வட்டமா உக்காந்திருக்கது. நடுவுல ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை. எச்சில் அதுக்குள்ளதான் ஊறும். பழத்தைச் சுத்தி விரல் மாதிரி சில செல் கவ்விப் பிடிச்சிருக்கும். சாப்பாட்டு வாசனை வந்ததும் அது பிழியும். பிழிஞ்சது காம்பு வழியா ஓடி, பெரிய குழாயில சேந்து, நாக்குக்கு அடியில வந்து விழும். வாற வழியில குழாய்ச்சுவரு உப்பைத் திரும்ப உறிஞ்சிக்கிடும். இல்லன்னா நம்ம எச்சில் நமக்கே கரிக்கும்.”

“இந்தப் பச்சை?”

“சொல்லுதேன். எச்சில்ல ரெண்டு வகை உண்டும்மா. ஒண்ணு தண்ணி மாதிரி. சோத்தைக் கரைச்சு இனிப்பாக்குத சரக்கு அதுலதான் இருக்கு. இன்னொண்ணு கொழகொழன்னு, எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிவிடுதது. தண்ணி மட்டும் இருந்தா உருண்டை திரளாது, தொண்டையில சிக்கும். வழுவழுப்பு மட்டும் இருந்தா சோறு கரையாது. ரெண்டும் வேணும். நாங்க வளத்ததுல ஒருத்தர் செல்லு தண்ணிக் கொத்து மட்டும்தான் கட்டிச்சு. இன்னொருத்தர் செல்லு வழுவழுப்புக் கொத்து மட்டும்தான் கட்டிச்சு. அதனால ரெண்டையும் கலந்து விதைச்சோம். அடையாளம் தெரியச் சாயம் போட்டிருக்கோம், பச்சை ஒருத்தர், சிவப்பு ஒருத்தர்.”

ஒருவர் யாரென்று கேட்டுத் தவித்துக்கொண்டிருந்தவளுக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள். வடிவு நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“ரெண்டு பேரும் பொம்பளைங்க. உங்க கொழுந்தனாரோட செல்லு ரெண்டாம் நாளே செத்துப்போச்சு, இதை நான் சொன்னேன்னு அவருகிட்டச் சொல்லிராதீங்க. இன்னொண்ணு, தன்னோட செல்லைப் பத்தித் தெரிஞ்சிக்கிட ஒருத்தருக்கு உரிமை உண்டு. உங்களுக்குத் தெரிஞ்சிக்கிடணுமா?”

வடிவு தலையை ஆட்டினாள்.

“பச்சை நீங்க.”

அவள் திரையைப் பார்த்தாள். இத்தனை நாளும் தன் எச்சிலைத்தான் அருவருத்து ஒதுக்கினோமா என்ற நினைப்பில் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தாடைக்கு அடியில், அவர் மெல்லும்போதெல்லாம் தான் ஊறிக்கொண்டிருந்திருக்கிறோம். அது தெரியாமல் தட்டை மாற்றிவிட்டோம். இந்த மடத்தனத்தை யாரிடம் போய்ச் சொல்வது? ஆனால் அந்தச் சிவப்பு அவளை விடவில்லை. எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். சிவப்புக் கொத்து ஒவ்வொன்றின் தலையிலும் பச்சை ஒரு பிறைபோல் கவிந்திருந்தது.

“இது என்னது, என்னுது அதுக்கு மேல போய் ஏறி உக்காந்திருக்கு?”

“வழுவழுப்புக் கொத்துக்குத் தண்ணி செல்லு இப்படித்தான் தொப்பி போடும். இயற்கையா இருக்கத சுரப்பியிலயும் இதே கதைதான். ரெண்டு பேரோடதை விதைச்சாலும் அது பாட்டுக்கு இப்படிக் கட்டிக்கிடும்னு நாங்களே எதிர்பாக்கல. பச்சையில ஊறுத தண்ணி, சிவப்பு செல்லுக்கு நடுவுல இருக்கத சந்து வழியாத்தான் வெளிய வரணும்.”

“சிவப்பை மட்டும் எடுத்துரலாமா?”

“எடுத்தா உங்களுது வெளிய வர வழியே கிடையாதும்மா.”

சிவப்பு யார் என்று டாக்டர் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார். உதட்டில் கிள்ளி எடுத்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் யாரெல்லாம் இருந்தார்கள் என்று வண்டியில் வரும் வழியெல்லாம் வடிவு நினைத்துப் பார்த்தாள். குமரேசன் பெண்டாட்டியாக இருக்குமோ? ஊசி என்றாலே மயக்கம்போடுபவள், அவள் கொடுத்திருக்கமாட்டாள். மகளும் இல்லை, அவள் வந்ததே ஆபரேஷன் முடிந்த பிறகுதான். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக இருந்த டீச்சராக இருக்கலாம். பார்க்க நல்ல மாதிரியாகத்தான் இருந்தாள். அந்த டீச்சராகவே இருக்கட்டும் என்று வடிவு மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் வக்கீல் அசதியில் படுத்துவிட்டார். மாடத்தி பின்கட்டில் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குச் சோற்று வாளியும் துணிமணியும் தூக்கிக்கொண்டு கூடவே வந்து, நாள் முழுக்க வராந்தாவில் இருந்தவள் அவள்தான். உள்ளே போனவர் வந்தவரையெல்லாம் பார்த்திருப்பாள். அதனால் சாட்சியைக் கேட்பதுபோல வடிவு கேட்டாள், அன்றைக்கு உதட்டில் கிள்ளிக் கொடுக்கப் பெண்கள் வேறு யார் போனார்கள், அந்த டீச்சர் போனாளா என்று.

“டீச்சர் போகல. நான்தான் போனேன்.”

மாடத்தி கையிலிருந்த வாணலியைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. வடிவுக்குக் காதில் விழுந்தது மனசுக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆனது.

“நீயா? எதுக்கு?”

“எதுக்குன்னா? அய்யா கஞ்சி கூட முழுங்க முடியாமக் கெடந்தாவ. நர்சு வந்து கேட்டா. எல்லாருட்டயும்தான கேட்டாவ. உங்களுட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க இருந்த இருப்புல நான் எங்க சொல்ல?”

உதட்டை மடித்துக் காட்டினாள். உட்புறம் சின்னதாக ஒரு வெள்ளைத் தழும்பு. தன் உதட்டிலும் அதே இடத்தில் அதே தழும்பு இருப்பதை வடிவின் நாக்கு தானாகவே போய்த் தொட்டுப் பார்த்தது. பிறகு அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள்.

அங்கே நின்று அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மாடத்தியின் எச்சில் எங்கே ஒட்டிவிடுமோ என்று டம்ளரை மாடத்தில் வைத்தவள் அவள். அந்த எச்சில் இப்போது புருஷன் வாயில் ஊறுகிறது. கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அருவருப்பு வர வேண்டும் என்று எதிர்பார்த்தாள். அது வரத்தான் செய்தது. ஆனால் அது யார்மேல் வருகிறது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. பாதி தான் என்றால் பாதிக்கு எப்படி அருவருப்பது? பிறைத் தொப்பி மட்டும் தன்னுடையது, அடியில் இருப்பது அவளுடையது. வெளியே வரும்போது இரண்டும் ஒரே சொட்டு. எச்சிலுக்கு அவள் வைத்திருந்த சட்டங்களில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்றுதான் உறுதியாகத் தெரிந்தது. அவர் சோறு தின்ன வேண்டும்.

மறுநாள் மத்தியானம் அவள் மிக்சியை எடுக்கவே இல்லை. பச்சரிசிச் சோறு வடித்து, வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு வைத்து, அப்பளம் பொரித்தாள். வக்கீல் தட்டைப் பார்த்துவிட்டுக் கஞ்சி இல்லையா என்றார். இல்லை என்றாள். வேண்டாவெறுப்பாகப் பிசைந்து கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல் கழுவுவதற்காகத் தட்டோடு எழுந்தார். வடிவு தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“வைங்க. நான் இதுலதான் சாப்பிடப் போறேன்.”

“வேண்டாம் வடிவு. புத்து வந்த வாய். உனக்கு அருவருப்பா இருக்கும், நான் தப்பா நெனைக்கல.”

அவர் இத்தனை நாள் நினைத்திருந்தது இதுதான் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. தட்டைப் பிடுங்கித் தன் பக்கம் வைத்து, அதே தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, ஒரு வாய் சாப்பிட்டாள். சாப்பிட்டபடியே எல்லாவற்றையும் சொன்னாள். குமரேசன்மேல் வந்த சந்தேகம், டாக்டர் காட்டிய திரை, பச்சை தான் என்பது. வக்கீல் கேட்டுக்கொண்டேயிருந்தவர் மெல்ல உட்கார்ந்தார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது என்று நினைத்து அவள் கண்கலங்கினாள். அவர் அவளுடைய சோற்றிலிருந்தே ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டுக்கொண்டார்.

“அப்பம் என் வாயில ஊறுதது பாதி நீயா? மீதிப் பாதி யாரு?”

“மாடத்தி.”

வக்கீலின் தாடை நின்றது. கவளம் கன்னத்தில் அப்படியே அடங்கியது. வடிவு அவரையே பார்த்தாள். தான் அடுப்படியில் நின்று பட்டதெல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக ஓடுவதைப் பார்க்க முடிந்தது. துப்பிவிடுவாரோ என்று அவளுக்கு உயிரே போய்விட்டது. துப்பிவிட்டால் அதோடு முடிந்தது, இனி ஒருநாளும் அவர் மெல்லப்போவதில்லை. பின்கட்டிலிருந்து தண்ணீர் விழும் சத்தமும் பாத்திரச் சத்தமும் கேட்டன. வக்கீல் அந்தப் பக்கம் ஒருதரம் திரும்பினார், இவளை ஒருதரம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாய் அதன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. புளிக்குழம்புக்குச் சுரந்த நீர் கன்னத்தை நிறைத்து, சோற்றைக் கரைத்து, வழவழவென்று தொண்டைக்குக் கொண்டுபோய்விட்டது. முழுங்க வேண்டுமென்று அவர் நினைக்கவில்லை. முழுங்கியிருந்தார்.

பிறகு அவர் அப்பளத்தில் பாதியை ஒடித்துத் தட்டில் அவள் பக்கமாக வைத்துவிட்டு இன்னொரு கவளம் எடுத்தார்.

“அவளை உள்ள வந்து உக்காரச் சொல்லு. நம்மளோட சாப்பிடட்டும்” என்றார். தாராளமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்ட நிம்மதி அவர் குரலில் இருந்தது.

வடிவுக்கும் அது சரி என்றே பட்டது. இவ்வளவு குழப்பத்துக்கும் ஒரு நல்ல முடிவு கிடைத்தாற்போல இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். மாடத்தி பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டுச் சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வடிவு சொன்னாள், நீ இனிமேல் இங்கே நிற்க வேண்டாம், உள்ளே வா, எங்களோடு உட்கார்ந்து சாப்பிடு, உன்னுடையதுதான் அய்யா வாயில் இருக்கிறது என்று ஆன பிறகு இதெல்லாம் எதற்கு என்று.

மாடத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இருக்கட்டும்மா. எனக்கு நேரமாச்சு, ஆசுபத்திரிக்குப் போணும். வழுவழுப்பு செல்லு யாருக்கும் சரியா முளைக்க மாட்டேங்காம். என்னுது மட்டும்தான் முளைக்குதாம். வாரம் ஒருக்கக் கூப்புடுதாவ. நாக்காலியில உக்கார வச்சுக் காப்பி குடுப்பாவ.”

“வாரம் ஒருக்கவா? எதுக்கு?”

“எதுக்குன்னா, வைக்கோல் வாயோட கெடக்கவுக அய்யா ஒருத்தர்தானா? யார் யாருக்கு வைக்காவன்னு அவுக சொல்லல, நானும் கேக்கல. ஆனா நான் பாத்திரம் தேய்க்குத வீடுகள்லயே நாலு பேரு இப்பம் நல்லாச் சாப்பிடுதாவ.”

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

“வாய்க்குள்ள இருக்கேன்னுட்டு உள்ள கூப்புட ஆரம்பிச்சா, இந்த ஊர்ல நான் எத்தனை வீட்டுல உக்காந்து சாப்பிட முடியும்மா? எனக்காகக் கூப்புடணும்னு என்னைக்காவது தோணுச்சுன்னா கூப்புடுங்க. வாறேன்.”

பின்வாசல் படலைத் திறந்துகொண்டு அவள் போனாள். வடிவு அங்கேயே நின்றாள். உள்ளே வக்கீல் நிதானமாக மெல்லும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.